பேட்டரி காருக்குச் சார்ஜ் போடுவது எப்படி: குழந்தைகள் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

குழந்தைகள் ஏறி ஓட்டும் பேட்டரி கார், ஜீப், பைக் எதுவானாலும் மோட்டார் போய் நின்றது என்பது அபூர்வம். பெரும்பாலும் பேட்டரியால்தான் நிற்கும். அந்தப் பேட்டரியும் ஓடி ஓடித் தேய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஓடி முடித்த வண்டி காலிப் பேட்டரியோடு மாடிப்படிக்கு அடியில் போய் நிற்கும். அடுத்த ஞாயிறு குழந்தை கேட்கும்போதுதான் சார்ஜ் போட வேண்டும் என்ற நினைப்பே வரும். நடுவில் பரீட்சை வந்தால் இரண்டு மாதம் அப்படியே கிடக்கும். அந்தக் கிடப்பில்தான் பேட்டரி சாகிறது.

காரணம் எளிது. பேட்டரி மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அதன் ஈயத் தகடுகள் மேல் லெட் சல்பேட் படியும். அன்றைக்கே சார்ஜ் போட்டால் அது பழையபடி மாறிவிடும். நாள்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் அந்த இடம் வேலை செய்யாது. அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: வண்டி பத்து நிமிடம் ஓடியிருந்தாலும் அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும். "முழுசா இறங்கட்டும், அப்புறம் போடலாம்" என்பது பழைய கார்ட்லெஸ் போன்களில் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன பேச்சு. ஈய பேட்டரிக்கு அதைச் செய்தால் நேர் எதிரான பலன்தான் கிடைக்கும்.

உள்ளே என்ன பேட்டரி என்று முதலில் பாருங்கள்

சீட்டைத் தூக்கினால் அல்லது பானெட்டைத் திறந்தால் செங்கல் போன்ற ஒரு கறுப்புப் பெட்டி தெரியும். அதன் மேல் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன பைக்குகளில் 6 வோல்ட் 4.5 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) இருக்கும். கார், ஜீப்களில் 12 வோல்ட் 4.5 அல்லது 7 ஏஹெச் ஒன்று இருக்கும், அல்லது 6 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். பெரிய இரட்டை சீட் வண்டிகளில் 24 வோல்ட்டும் உண்டு. அது பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிதான்.

இவை தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடி முத்திரையிட்ட ஈய பேட்டரிகள். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸுக்குள் இருப்பதும் இதே 12 வோல்ட் 7 ஏஹெச்தான். 151 மி.மீ. நீளம், 65 மி.மீ. அகலம், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. பொம்மைக் கடையில் கிடைக்காவிட்டாலும் யுபிஎஸ் கடையில் கிடைக்கும் என்பதால் இந்த அளவைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

7 ஏஹெச் என்றால் 7 ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும் என்று கணக்குப் போடுவார்கள். அப்படித் தராது. அந்த எண் 20 மணி நேரம் மெதுவாக, 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. இரண்டு மோட்டார் வண்டி குழந்தையைச் சுமந்து ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். அந்த வேகத்தில் எடுத்தால் உள்ளிருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கைக்கு வரும். புதுப் பேட்டரியே அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் தளர்ந்தால் அது கோளாறு இல்லை. புல்தரையிலும் மணலிலும் மேட்டிலும் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

சார்ஜரின் அடியில் இருக்கும் எழுத்துகள்

வண்டியோடு வந்த சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் "அவுட்புட்" என்ற வரியில் வோல்ட்டும் மில்லி ஆம்பியரும் இருக்கும். 12 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் 1000 மில்லி ஆம்பியர், 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் என்பது வழக்கமான அளவு. 12 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அது 14 வோல்ட்டுக்கு மேல் தரும்படி செய்யப்பட்டது. 12 வோல்ட் ஈய பேட்டரி முழுதாக நிறைய 14.4 வோல்ட் அளவு வேண்டும்.

இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. சார்ஜர் தொலைந்ததும் வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி அடாப்டரை எடுத்துச் சொருகுவார்கள். வண்டியில் சொருகும் பின் அதே அளவில் இருப்பதால் அழகாகப் போய் உட்காரும், அதிலும் 12 வோல்ட் என்றே போட்டிருக்கும். ஆனால் அது சரியாக 12 வோல்ட்தான் தரும். பேட்டரி 12 வோல்ட்டை எட்டியதும் மின்சாரம் ஓடுவது நின்றுவிடும். இரவெல்லாம் போட்டாலும் கால்வாசிக்கு மேல் ஏறாது. மறுநாள் வண்டி ஐந்து நிமிடத்தில் நின்றதும் பழி பேட்டரி மேல் விழும். லேப்டாப் அடாப்டர் இதைவிட மோசம். 19 வோல்ட்டைக் கொடுத்து பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். வண்டியின் சார்ஜரைக் கொண்டுபோய் ரவுட்டரில் மாட்டுவதும் கூடாது. வோல்ட் அதிகமாகி ரவுட்டர் போய்விடும்.

புதிதாக வாங்குவதானால் "12 வோல்ட் ஈய பேட்டரி சார்ஜர்" என்று கேட்டு, 14.4 வோல்ட்டில் நிறைத்துப் பிறகு 13.6, 13.8 வோல்ட்டுக்குத் தானே இறங்கும் வகையை வாங்குங்கள். ஆம்பியர் அளவு, பேட்டரி ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்குக்கும் பத்தில் மூன்று பங்குக்கும் நடுவில் இருக்கட்டும். 7 ஏஹெச்சுக்கு 0.7 முதல் 2 ஆம்பியர், 4.5 ஏஹெச்சுக்கு 0.5 முதல் 1.3 ஆம்பியர். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா, மைனஸ்ஸா என்பதைப் பழைய சார்ஜரின் வட்டக் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் பிளஸ். மாறியிருந்தால் ஃபியூஸ் போகும், சில சமயம் சார்ஜரும் சேர்ந்து போகும்.

சார்ஜ் போடும் வரிசை

புது வண்டியைப் பிரித்த அன்றைக்கே ஓட்டத் தவிக்கும் குழந்தையை நிறுத்துவது கஷ்டம்தான். ஆனால் அந்தப் பேட்டரி கிடங்கிலும் கடையிலும் மாதக்கணக்கில் இருந்து பாதி இறங்கியிருக்கும். முதல் சார்ஜை வண்டியோடு வரும் தாளில் சொன்ன நேரம் முழுக்கப் போடுங்கள். பல தயாரிப்பாளர்கள் 12 முதல் 18 மணி நேரம் சொல்கிறார்கள்.

அதன்பின் ஒவ்வொரு முறையும்:

1. ஓடி முடிந்ததும் பவர் ஸ்விட்சை ஆஃப் செய்து, அரை மணி நேரம் நிழலில் ஆற விடுங்கள். சூடான பேட்டரி தேவைக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும்.

2. தரை காய்ந்த, காற்று வந்துபோகும் இடத்தில் நிறுத்துங்கள். சார்ஜ் ஏறும்போது, முக்கியமாகக் கடைசிக் கட்டத்தில், கொஞ்சம் ஹைட்ரஜன் வெளியேறலாம். அதனால் பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு பக்கத்தில் வேண்டாம். மூடிய அலமாரிக்குள்ளும் வேண்டாம். சீட்டைக் கழற்றி வைப்பது நல்லது.

3. முதலில் பின்னை வண்டியின் ஜாக்கில் முழுதாக, அடி தட்டும் வரை சொருகுங்கள். பிறகு சார்ஜரைச் சுவர் பிளக்கில் மாட்டி ஸ்விட்சைப் போடுங்கள். கழற்றும்போது சுவரில் முதலில், வண்டியில் பிறகு. பல வண்டிகளில் பின் உள்ளே இருந்தால் மோட்டாருக்குப் போகும் லைன் தானே துண்டிக்கப்படும். இல்லாத வண்டிகளும் இருப்பதால் பவர் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. இருபது நிமிடம் கழித்து மூன்று இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சார்ஜர் வெதுவெதுப்பாக இருப்பது சரி. பேட்டரி அறைச் சூட்டைவிடச் சற்றே கூடியிருக்கலாம், அவ்வளவுதான். ஜாக்கும் பின்னும் சூடாகவே கூடாது. சூடேறினால் உள்ளே லூஸ் கான்டாக்ட். உடனே நிறுத்துங்கள்.

5. கணக்குப்படி நேரம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

சார்ஜ் போடுவதும் கழற்றுவதும் பெரியவர்கள் வேலை. பின்னைச் சொருகத் தெரிந்த ஆறு வயதுக் குழந்தைக்கு அடுத்து கை போவது சுவர் பிளக்கில்.

எத்தனை மணி நேரம்

காலியான அளவை சார்ஜரின் ஆம்பியரால் வகுத்து, வரும் விடையோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். 7 ஏஹெச் பேட்டரி முழுக் காலி, சார்ஜர் 1 ஆம்பியர் என்றால் 7 மணி, அதோடு ஏறக்குறைய 2 மணி, ஆக 9 மணி. கடைசி 20 சதவீதம் ஏறும்போது மின்சாரம் தானாகக் குறைந்துகொண்டே வரும் என்பதால் இன்னும் ஒன்றிரண்டு மணி கூட்டி 10, 11 மணி என்று வைத்துக்கொள்ளலாம். பாதி ஓடிய வண்டிக்கு 6 மணி போதும். 4.5 ஏஹெச்சுக்கு அரை ஆம்பியர் சார்ஜர் என்றாலும் கணக்கு ஏறத்தாழ 12 மணி வரும்.

நடுவில் எடுத்து ஓட்டிவிட்டு மறுபடி போடுவது ஓரிரு முறை பரவாயில்லை. வாரம் முழுக்க அரைகுறையாகவே ஏற்றினால் அந்த மிச்சம் 20 சதவீதத்தில் சல்பேட் தங்கிவிடும்.

அதிகமாகப் போடுவதிலும் ஆபத்து உண்டு. வண்டியோடு வரும் மலிவான சார்ஜர்களில் பல, நிறைந்ததும் தானாக நிற்பதில்லை. அவற்றில் இருக்கும் சிவப்பு விளக்குக்கு "கரண்ட் வருகிறது" என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. இரண்டு நாள் மறந்து விட்டால் பேட்டரிக்குள் இருக்கும் ஈரம் வாயுவாகி வால்வு வழியே போய்விடும். மூடி முத்திரையிட்டது என்பதால் திரும்ப ஊற்ற வழியில்லை. பக்கச் சுவர் உப்பிக்கொள்ளும். உப்பிய பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

இதற்கு நல்ல தீர்வு, எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் டைமர் பிளக். வட்டத் தட்டில் கால் கால் மணிப் பற்கள் இருக்கும் வகையை வாங்குங்கள். அந்தத் தட்டு சுவர் மின்சாரத்தில்தான் சுற்றுகிறது. நள்ளிரவில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் தட்டும் அங்கேயே நிற்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சார்ஜ் நேரம் குறையாது, கூடாது. 10 மணி நேரத்துக்கான பற்களை அழுத்தி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் தட்டு 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்து மறுபடி அதே இடத்துக்கு வரும், காலையில் எடுத்துவிட வேண்டும்.

ஏறியதா, இல்லையா

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மெயின்ஸ் டெஸ்டர் ஸ்குரூடிரைவரால் இந்த பேட்டரியில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜரைக் கழற்றி இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டபின், சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்துப் பாருங்கள். கழற்றிய உடனே பார்த்தால் 13.5 என்று காட்டும், அதை நம்ப வேண்டாம்.

12.8 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்.
12.6: முக்கால்.
12.3: பாதி.
12.0: கால்.
11.8க்குக் கீழே: காலி, இப்போதே சார்ஜுக்குப் போக வேண்டும்.

6 வோல்ட் பேட்டரிக்கு இதில் பாதி: 6.4 முழுசு, 6.15 பாதி, 5.9க்குக் கீழே காலி.

இது பாதிச் சோதனைதான். சல்பேட் பிடித்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.8 காட்டும். மீதிப் பாதிக்கு, மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு குழந்தையை உட்கார வைத்து, இன்னொருவர் பக்கத்தில் நிற்க, பெடலை அழுத்தச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தால் பாரம் இருக்காது, உண்மை தெரியாது. கிளம்பும் நொடியில் விழுவதை விட்டுவிட்டு, வண்டி நகரும்போது காட்டுவதைப் பாருங்கள். 11.5க்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி. 10.5க்குக் கீழே சரிந்து போனால் அதன் காலம் முடிந்தது.

மீட்டர் இல்லாதவர்களுக்குக் காதே போதும். பெடலை மிதித்ததும் டாஷ்போர்டுக்குள் "டிக் டிக் டிக்" என்று வேகமாக ஒரு சத்தம், ஹெட்லைட் கூடவே மின்னி மின்னி அணைவது, பாட்டு கரகரப்பது: இது ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் காந்த ஸ்விட்ச்) துடிப்பது. ரிலே இழுத்து மோட்டாருக்கு மின்சாரம் விட்டதும் வோல்ட் சரிகிறது, சரிந்ததும் ரிலே விடுகிறது, விட்டதும் வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. சர்க்யூட் போர்டு போய்விட்டது என்று பலர் இதைப் பார்த்துத்தான் போர்டை மாற்றிவிடுகிறார்கள். பத்தில் ஒன்பது முறை பேட்டரி காலி, அல்லது டெர்மினல் லூஸ்.

சார்ஜ் ஏறவில்லை என்றால்

பேட்டரியைத் தூக்கி எறியும் முன் இந்த வரிசையில் பாருங்கள். சுவரிலிருந்து பேட்டரி வரை ஒவ்வொரு இடமாக வந்தால் எங்கே நின்றது என்பது தானே தெரியும்.

முதலில் சார்ஜர். பின்னின் உள்ளே சிவப்பு முனை, வெளியே கறுப்பு முனை வைத்து அளந்தால் 12 வோல்ட் வகை 13.8க்கு மேல் காட்ட வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை, பாரம் இல்லாதபோது 16, 17 கூடக் காட்டும், அது இயல்பு. சுழியம் காட்டினால் வயர் கழுத்துப் பகுதியில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். வயரைச் சுருட்டி சார்ஜரோடு இறுக்கிக் கட்டுவதால் அந்த இடத்தில்தான் முதலில் போகும். ஒரு விதிவிலக்கு: நிறைந்ததும் தானே வோல்ட்டைக் குறைக்கும் ஸ்மார்ட் சார்ஜர்களில் சில, பேட்டரி இணைந்திருந்தால் மட்டுமே மின்சாரம் தரும். அவற்றை இப்படி அளந்து குற்றம் சொல்ல முடியாது.

அடுத்து, சொருகிய நொடியிலேயே பச்சை எரிகிறதா? பேட்டரி நிறைந்திருக்கிறது, அல்லது சார்ஜருக்குப் பேட்டரியே தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் நிற்கும் வண்டியில் உடனே பச்சை எரிந்தால் இரண்டாவதுதான். பின் ஜாக்குக்குள் முழுதாகப் போகவில்லை, ஃபியூஸ் போயிருக்கிறது, அல்லது திம்பிள் (வயரைப் பேட்டரியோடு இணைக்கும் முனை) கழன்றிருக்கிறது என்ற மூன்றில் ஒன்று.

பேட்டரியின் பிளஸ் வயரில் ஒரு கண்ணாடி ஃபியூஸோ பிளேடு ஃபியூஸோ இருக்கும். சில வண்டிகளில் தானே மீளும் வகை இருக்கும், அது ஓவர்லோடில் துண்டித்து ஆறியதும் திரும்ப இணைக்கும். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி விடுவது, சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைத் திணிப்பது எல்லாம் இந்த வண்டியில் விளையாட்டான காரியம் இல்லை. இந்தச் சின்ன பேட்டரி ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும், வயர் நொடியில் பழுத்துவிடும், மேலே உட்கார்ந்திருப்பது குழந்தை. அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 1998ல் ஒரு கோடி வரையிலான பவர் வீல்ஸ் வண்டிகளைப் பழுதுநீக்கத்துக்குத் திரும்ப அழைத்தது. மின்பாகங்கள் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்துதான் காரணம். 

பிறகு திம்பிள். பேட்டரி டெர்மினலில் மாட்டியிருக்கும் தட்டையான பித்தளைத் திம்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை பழுப்பாகி ஓரம் உருகியிருந்தால், அந்த இடம் லூஸாகி ஓடும்போதெல்லாம் சூடேறியிருக்கிறது. கட்டிங் பிளேயரால் திம்பிளின் இரண்டு மடிப்பையும் மெல்ல அமுக்கிவிட்டு மாட்டினால் இறுக்கமாக, தள்ளித்தான் உள்ளே போகும்படி இருக்க வேண்டும். கருகிப்போனதை மாற்றிவிடுங்கள். சின்ன டெர்மினல் 4.8 மி.மீ. அகலம், பெரியது 6.3 மி.மீ. கடையில் இதைச் சொல்லிக் கேட்கலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

கடைசியாகத்தான் பேட்டரி. இரவெல்லாம் ஏற்றியும் 10.5, 10.8 வோல்ட்டிலேயே நின்றால் உள்ளே இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று ஷார்ட். ஒவ்வொரு அறையும் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே தருவது, ஒன்று போனால் இந்த எண்தான் வரும். அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள். மிச்சம் ஐந்து அறைகளும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

இரண்டு 6 வோல்ட் இருக்கும் வண்டியில் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று 6.5, இன்னொன்று 5.7 என்று இருந்தால் பலவீனமானது நிறையவே நிறையாது, நல்லதோ தினமும் வழிய வழிய ஏறிக் கெட்டுக்கொண்டிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் அதே கதை தொடரும். இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சமயத்தில் வாங்கி மாற்றுங்கள்.

மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி

8, 9 வோல்ட்டுக்கு இறங்கிய பேட்டரியைப் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் பேட்டரியாகவே ஏற்காது. வண்டியோடு வந்த சாதாரண சார்ஜர் ஏற்றும். முதல் சில மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கெட்டிப்பட்ட தகட்டுக்குள் மின்சாரம் நுழையத் தடை அதிகம், மெல்ல மெல்லத்தான் வழி திறக்கும். பகலில், ஆள் இருக்கும்போது மட்டும் போட்டு, மணிக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சூடேறினால் நிறுத்துங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் பவர் சப்ளை வைத்திருப்பவர் தெரிந்தால் 14.4 வோல்ட், அரை ஆம்பியர் வரம்பு வைத்து ஒரு நாள் ஏற்றித் தரச் சொல்வது இன்னும் நல்லது. அப்படி மீண்டாலும் பழைய ஓட்டத்தில் பாதி கிடைத்தால் பெரிது. 6 வோல்ட்டுக்கும் கீழே போய் மாதங்கள் ஆன 12 வோல்ட் பேட்டரிக்கு நேரம் செலவிடுவது வீண்.

கார், பைக் பேட்டரி சார்ஜ் போடும் கடையில் கொடுக்க வேண்டாம். அங்கே 5, 10 ஆம்பியரில் வரிசையாகப் போடுவார்கள். 7 ஏஹெச்சுக்கு 2 ஆம்பியர்தான் உச்சம். மூடியைப் பெயர்த்து டிஸ்டில்டு வாட்டரும் எப்சம் உப்பும் ஊற்றும் வீடியோக்களையும் விட்டுவிடுங்கள். ஒருமுறை பெயர்த்த வால்வு மறுபடி சரியாக மூடாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அமிலம் கசிந்து குழந்தையின் காலுக்கு அருகே வரும்.

வெயிலும் விடுமுறையும்

இந்த பேட்டரிகளின் கணக்கெல்லாம் 25 டிகிரிக்குப் போட்டது. வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மொட்டைமாடியில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் அதைவிட 20 டிகிரி கூடவே இருக்கும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், சும்மா இருக்கும்போது தானே இறங்கும் வேகம் இரட்டிப்பாகும். 40 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் சார்ஜ் போடுவது நல்லதல்ல. சூட்டில் 14.4 வோல்ட்டே பேட்டரிக்கு அதிகம், 40 டிகிரியில் 14 போதும். சாதாரண சார்ஜருக்கு இது தெரியாது. ஆகவே கோடையில் வீட்டுக்குள், இரவில் போடுங்கள், நேரத்தில் ஒரு மணி குறைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுத்துவைக்கும்போது முழுதாக நிறைத்து, மைனஸ் திம்பிளைக் கழற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள். ஆஃபில் இருந்தாலும் சில வண்டிகளின் ரிமோட் ரிசீவரும் ப்ளூடூத் போர்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை நாலைந்து மணி நேரம் சார்ஜ் போட்டால் போதும். சம்பள நாள், அமாவாசை என்று மறக்காத ஒரு நாளோடு சேர்த்துக்கொண்டால் தவறாது.

மாற்றும்போது

பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் இருந்ததை வாங்க வேண்டாம். கடையிலேயே அளக்கச் சொல்லுங்கள், 12.6க்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். எக்ஸைடு, அமரான் போன்ற பெயர் தெரிந்த நிறுவனங்களின் 7 ஏஹெச் யுபிஎஸ் கடைகளில் கிடைக்கும். பெயரில்லாத ஸ்டிக்கர் ஒட்டியதைக் கையில் தூக்கிப் பாருங்கள். 7 என்று எழுதி ஒன்றரைக் கிலோதான் இருந்தால் உள்ளே ஈயம் அவ்வளவுதான்.

7க்குப் பதில் 9 ஏஹெச் அதே உருவத்தில் வருகிறது, போடலாம். டெர்மினல் அகலம் மட்டும் மாறக்கூடும், சார்ஜ் நேரம் அந்த விகிதத்தில் கூடும். ஏஹெச் கூடினால் ஓடும் நேரம் கூடும், அதில் கெடுதல் இல்லை. வோல்ட்டைக் கூட்டுவது வேறு விஷயம். 12 வோல்ட் வண்டியில் 18 வோல்ட் டிரில் பேட்டரி போட்டால் வேகம் ஒன்றரை மடங்காகும், பிளாஸ்டிக் கியர் பற்கள் முதலில் போகும், மோட்டார் பிறகு போகும், பிரேக் இல்லாத வண்டியில் குழந்தை அந்த வேகத்தில் போவது எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை.

புது மாடல்கள் சிலவற்றில் லித்தியம் பேட்டரி வருகிறது. கையில் எடுத்தாலே தெரியும், அதே அளவில் பாதி எடைகூட இருக்காது. மேலே 11.1 அல்லது 7.4 வோல்ட் என்று எழுதியிருக்கும். 11.1 வோல்ட் பேக்குக்கு 12.6 வோல்ட்டில் கண்டிப்பாக நிற்கும் சார்ஜர் வேண்டும். ஈய பேட்டரி சார்ஜரின் 14.4 வோல்ட்டை அதில் கொடுத்தால், பேக்குக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் தோற்றால் தீப்பிடிக்கலாம். வண்டிக்குள் இருக்கும் ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டால் சார்ஜரையும் சேர்த்து மாற்றாமல் விடாதீர்கள். உப்பிய, அடிபட்ட, தண்ணீரில் நனைந்த லித்தியம் பேக்கை ஒருபோதும் சார்ஜில் போடாதீர்கள்.

ஈய பேட்டரி கசிந்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு அந்த இடத்தில் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், உள்ளே ஒரு கிலோவுக்கு மேல் ஈயம் இருக்கிறது. 2022ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதுசு வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். கொண்டுபோகும்போது இரண்டு டெர்மினலிலும் டேப் ஒட்டுங்கள். ஓடாத பேட்டரியிலும் பையில் கிடக்கும் சாவிக்கொத்தைச் சுடவைக்கும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும்.